குதிர் காலியாகும் மாதம்

கொத்தன் குடிசையில் வசிப்பதையும், தையற்காரன் கிழிசலை உடுத்துவதையும் நாம் காணாதவர்களல்லர். கூலிக்குச் செய்த பொருள் செய்தவனுக்குச் சொந்தமில்லை என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் சொந்த நிலத்தில், சொந்த விதையை விதைத்து, சொந்தக் கையால் அறுத்து, சொந்தக் குதிரில் கொட்டி வைக்கிற ஒரு சிறு விவசாயியின் குழந்தை, அறுவடை முடிந்து எட்டு மாதத்துக்குள் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகிறதென்றால், அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், ஒரு பெரிய ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் மலாவி நாட்டின் வடபகுதியில் எக்வென்டேனி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் போஷாக்குக் குறைவுக்காகச் சேர்க்கப்பட்டுத் தேறி, தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்டு வீடு திரும்பிய குழந்தைகள் மறுபடியும் அதே மெலிவோடு வந்து சேர்ந்தன. நோயின் வேர் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே வயலில் இருக்கிறதென்று கருதிய எஸ்தர் லுபாஃபியா என்னும் செவிலியும், கனடாவிலிருந்து வந்திருந்த ரேச்சல் பெஸ்னர் கெர் என்னும் ஆராய்ச்சி மாணவியும், உள்ளூர் விவசாயிகள் சிலரைத் துணை சேர்த்துக்கொண்டு, 2000-ஆம் வருஷம் ஏழு கிராமங்களில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ‘மண், உணவு, ஆரோக்கியமான சமுதாயங்கள்’ என்பது அதன் பெயர். அவர்கள் கையில் இருந்தவை கொஞ்சம் பயறு விதைகளும், கற்பிப்பதற்கான பொறுமையுமே. கல்வி எவ்வாறு கஞ்சியாகிறது என்பதை விசாரிப்பதற்கு இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

மலாவியில் மக்காச்சோளமே சோறு. அதன் மாவைக் கிண்டி, நம் கேழ்வரகுக் களி போல உருட்டிச் சாப்பிடும் ‘ந்சிமா’ இல்லாத வேளையை அங்கே யாரும் சாப்பாட்டு வேளையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே பருவம். ஆகவே விளைச்சலும் வருஷத்துக்கு ஒரு முறைதான். ஏப்ரல் மாதக் கடைசியில் அறுத்த கதிரை, மூங்கிற் பிளாச்சுகளால் பின்னித் தரையிலிருந்து உயர்த்தி வைத்த ‘ந்கோக்வே’ என்னும் குதிரில் போட்டு, அடுத்த ஏப்ரல் வரை அதையே எடுத்து உண்ண வேண்டும்.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டி, கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஒன்றேகால் ஏக்கர் நிலம். உரமிடாத களைத்த மண்ணில் ஏக்கருக்கு நானூறு கிலோ என்று வைத்தால், குதிரில் ஏறுவது 500 கிலோ. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினாயிரம் கலோரி தேவையென்றும், அதில் ஏழாயிரம் மக்காச்சோளத்திலிருந்து வருகிறதென்றும் கொண்டால், ஒரு கிலோ தானியத்தில் உத்தேசமாக 3,500 கலோரி இருப்பதால், தினசரிச் செலவு இரண்டு கிலோ. ஐந்நூறு கிலோ 250 நாளுக்கு வரும். மே முதல் தேதி எண்ணத் தொடங்கினால், ஜனவரி முதல் வாரத்தில் குதிரின் அடி தெரியும்.

காகிதத்துக் கணக்கு அவ்வளவுதான். குதிரின் கணக்கு வேறு. விதைக்கு 12 கிலோ எடுத்து வைக்க வேண்டும். கூன்வண்டு துளைத்து மாவாக்கிவிடுவது பத்தில் ஒரு பங்கு, 50 கிலோ. உப்பு, சோப்பு, மருந்து, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் என்று அறுவடையான கையோடு, விலை மிக மலிந்திருக்கும் சமயத்தில், விற்றுவிடுவது ஒரு 38 கிலோ. மிச்சம் 400. அது 200 நாளுக்குத்தான் காணும். நவம்பர் பதினாறாம் தேதி, முதல் மழை விழும் தருணத்தில், வீட்டில் ஒரு மணி இராது.

இந்த நவம்பரை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் பற்றாக்குறை எத்தனை நாள் என்பதோடு, எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் கவனித்தாலன்றி இந்தப் புதிர் அவிழாது.

கன்யு

நவம்பரில் தானியம் தீர்ந்த வீட்டார் என்ன செய்வார்கள்? ஓரளவு வசதியுள்ள அண்டை வீட்டாரின் வயலில் களை கொத்தப் போவார்கள்; கூலி ஒரு கூடை தானியமாகவோ சில்லறைக் காசாகவோ அன்றே கிடைக்கும். இந்தத் துண்டு வேலைக்கு மலாவியில் ‘கன்யு’ என்று பெயர். மழை பெய்ததும் விதைப்பு, விதைத்த இரண்டு மூன்று வாரத்தில் முதற்களை என்று மக்காச்சோளத்துக்கு உயிர்நாடியான வாரங்கள் எவையோ, அவையே கன்யு மிகுந்து கிடைக்கும் வாரங்களும் ஆகும். ஆகவே அந்தக் குடும்பம் பிறர் வயலில் காலத்தில் களை எடுத்துவிட்டு, தன் வயலுக்குத் தாமதமாக வருகிறது. தாமதமான களையெடுப்பால் விளைச்சல் குன்றுகிறது; குன்றிய விளைச்சலால் அடுத்த வருஷம் குதிர் இன்னும் முன்னதாகக் காலியாகிறது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கடனைப் போல, பசியும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது.

1996-இல் ரோமாபுரியில் கூடிய உலக உணவு மாநாடு, எல்லா மக்களுக்கும் எக்காலத்திலும் போதுமான, தீங்கற்ற, சத்துள்ள உணவு எட்டும் நிலையையே ‘உணவுப் பாதுகாப்பு’ என்று வரையறுத்தது. ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துவிட்டால் நம் குடும்பத்துக்கு ஒரு குறையும் இராது. மே மாதத்தில் அவர்கள் வீட்டுப் பாட்டிகூடப் புஷ்டியாகத்தான் இருப்பாள்.

இலையும் எலியும்

களைத்த மண்ணுக்கு முதலில் வேண்டுவது தழைச்சத்து. நூறு கிலோ மக்காச்சோள மணி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தழைச்சத்தை மண்ணிலிருந்து தன்னோடு கொண்டுபோகிறது. அதை ஈடு செய்ய யூரியா மூட்டை வாங்கலாம். ஆனால் நவம்பரில் தானியமே வாங்க முடியாதவர் மூட்டைக்கு எங்கே போவார்? காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நிறைந்திருக்கும் அதே சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கின்றன என்பது நம் பாடப்புத்தகங்களில் உள்ள சங்கதி. எக்வென்டேனியில் அந்தச் சங்கதி எந்த உருவில் கற்பிக்கப்பட்டது என்பதே விசேஷம்.

விவசாயிகள் முன் பல தேர்வுகள் வைக்கப்பட்டன. நிலக்கடலையோடு துவரை, சோயாவோடு துவரை, மக்காச்சோளத்தோடு துவரை, பூனைக்காலி, நம் ஊர்க் கொளுஞ்சிக்கு உறவான ஒரு செடி. மண்ணை மட்டும் நினைத்தால் பூனைக்காலிக்கு நிகரில்லை. ஆனால் அதன் விதையைப் பக்குவம் செய்யாமல் தின்றால் உடம்புக்கு ஆகாது. சோதித்துப் பார்த்த பெரும்பாலோர் மண்ணுக்கும் வயிற்றுக்கும் ஒருங்கே உதவும் ஜோடிகளையே விரும்பினார்கள். நிலக்கடலையும் துவரையும் சேர்ந்தால் அழகான ஒரு குடித்தனம்: கடலை தரையோடு படர்ந்து சீக்கிரம் முடிந்துவிடும், முதலில் மெல்ல வளரும் துவரை, கடலையைப் பிடுங்கிய பிறகு, மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு ஓங்கி, இலையை உதிர்த்துக்கொண்டே நிற்கும்.

விதையைக் கொடுத்துவிட்டால் போதாதா, கல்வி எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை, அறுவடைக்கு அடுத்த வாரத்தில் இருக்கிறது. பயறு பிடித்து வைத்த சத்தில் பெரும் பங்கு அதன் இலையிலும் தண்டிலும் இருக்கிறது. அவை பச்சை வாடுமுன் மண்ணில் மடக்கிப் புதைக்கப்பட வேண்டும். அந்நாட்டு வழக்கமோ காய்ந்த சருகைக் கொளுத்துவது. கொளுத்தினால் நிலம் துப்புரவாகும். வளையிலிருந்து எலி வெளிப்படும். சுட்ட வயல் எலி மலாவியில் விருந்துக்குரிய பண்டம். குச்சியில் கோத்துச் சாலையோரத்தில் விற்பார்கள். உங்கள் வயலை நீங்கள் கொளுத்தாவிட்டாலும், எலி பிடிக்க வந்த அடுத்த தெருப் பையன் கொளுத்திவிடுவான். போதாக்குறைக்கு, அறுவடைக்குப் பின் அவிழ்த்துவிடப்படும் ஆடுகளுக்கு அந்த வெயிலில் பச்சையாக நிற்கும் துவரை அல்லால் வேறு எது கண்ணில் படும்? ஆகையால் ஒரு வீட்டார் மட்டும் கற்றுக்கொண்டு பயனில்லை. ஊரே கற்றாக வேண்டியிருந்தது. சருகு புதைப்பதற்கென்று நாள் குறித்து ஊர் கூடிச் செய்து காட்டும் வழக்கம் அங்கே உண்டானது இதனால்தான்.

மே மாதத்தில், அறுவடை செய்து ஓய்ந்த முதுகோடு, இறுகத் தொடங்கிய மண்ணை மண்வெட்டியால் புரட்டுவது எளிய காரியமன்று. அதன் பலன் அடுத்த வருஷம் ஏப்ரலில்தான் கண்ணுக்குத் தெரியும். பதினொரு மாதம் கழித்து வரப்போகிற ஒன்றுக்காக இன்று ஒருவர் குனிய வேண்டுமானால், அவர் அதைச் சொல்லக் கேட்டிருந்தால் மட்டும் போதாது. ஒரு முறையாவது தம் நிலத்திலேயே, புதைத்த பாரையும் புதைக்காத பாரையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கருத்த பச்சையாக ஒரு வரிசையும், அடியிலை மஞ்சளித்து மற்றொரு வரிசையும் நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு ‘நைட்ரஜன்’ என்ற பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான்.

சொல்லிக் கொடுப்பதும் கற்றுக்கொள்வதும்

இந்தக் கற்பித்தல் முறைக்கு ஆசியாவில் ஒரு மூத்த உறவு இருக்கிறது. நம் நெல் விவசாயிகள் புகையான் என்று அழைக்கும் பூச்சி இந்தோனேஷியாவின் வயல்களைச் சூறையாடியபோது, மருந்து தெளிக்கத் தெளிக்க அது பெருகிற்று. மருந்து சிலந்திகளைக் கொன்றது, தாளுக்குள் இடப்பட்டிருந்த புகையானின் முட்டைகளையோ தொடவில்லை. 1986-இல் நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளைத் தடை செய்த அந்நாடு, 1989 முதல் ‘வயற்பள்ளி’களைத் தொடங்கியது. இருபத்தைந்து பேர் ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு காலை வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, தங்களுக்குள் தர்க்கித்து, தெளிப்பதா வேண்டாமா என்று தாங்களே நிர்ணயிக்கும் பள்ளி அது. உலகெங்கும் புகழ் பெற்றது.

புகழைக் கேட்டு மயங்காத பொருளாதார ஆராய்ச்சியாளர் சிலர் வயற்பள்ளியில் பயின்றவர்களையும் பயிலாதவர்களையும் பல வருஷ இடைவெளியில் ஒப்பிட்டு, விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் காணவில்லை என்று 2004-இல் எழுதினார்கள். மாறாக முடிவு சொன்ன ஆராய்ச்சிகளும் உண்டு. ஆயினும் அந்தக் கட்டுரையை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. திட்டம் பெருகப் பெருக, ஆசிரியரின் தரம் தேய்வதும், எண்ணிப் பார்க்கும் பயிற்சி மெல்ல மெல்ல உபதேசமாக இறுகிவிடுவதும் எங்கும் நடப்பதே. பக்கத்து வயற்காரருக்கு ‘மருந்து அடிக்காதே’ என்ற வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். சிலந்தியை எண்ணும் பழக்கத்தை வேலியின் மேலே கைமாற்ற முடியாது.

பள்ளிக்கூடத்து எழுத்தறிவைப் பற்றியும் இதே வகையான ஒரு முடிவு நெடுநாளாக இருக்கிறது. ஏழை விவசாயி மூடனல்லன், அவனுக்கு எட்டியுள்ள சாதனங்களைக் கொண்டு செய்யக்கூடியதைத் திறம்படவே செய்கிறான் என்று 1964-இல் வாதித்த தியோடோர் ஷுல்ட்ஸ், பின்னர் 1979-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் காட்டிய வழியில், பல நாடுகளைச் சேர்ந்த 37 புள்ளிவிவரத் தொகுதிகளை 1980-இல் தொகுத்துப் பார்த்தபோது, 31-இல் படிப்பு விளைச்சலைக் கூட்டியிருந்தது. நான்கு வருஷத் தொடக்கக் கல்விக்குச் சராசரி ஏழெட்டு சதவீதம். சுவாரசியம் சராசரியில் இல்லை. தாத்தா செய்ததையே பேரனும் செய்கிற இடங்களில் படிப்பால் அதிகப் பிரயோஜனம் காணப்படவில்லை. புது விதையும் புது முறையும் வந்து பழைய அனுபவம் தடுமாறுகிற இடங்களில்தான் அது விளைந்தது. நம் தேசத்தில் பசுமைப் புரட்சிக் காலத்திலும் அவ்வாறே நடந்ததென்று பின்னால் வந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியிருக்கிறது.

குதிருக்கும் கிண்ணத்துக்கும் நடுவே

விளைச்சல் கூடினால் குழந்தை தேறிவிடும் என்று நினைப்பது இயல்பு. 2004-இல் முப்பது விவசாய அபிவிருத்தித் திட்டங்களைச் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், பெரும்பாலானவற்றில் உற்பத்தி கூடியும் உண்பவர் உடம்பில் மாறுதல் உறுதியாகத் தெரியவில்லை என்றே கண்டார்கள். வயலிலிருந்து குழந்தையின் வாய் வரை உள்ள தூரம் ஒரு வீட்டின் அகலமே ஆயினும், அதற்குள் காவல் மிக்க வாசல்கள் பல இருக்கின்றன.

முதல் வாசலில் கணவன் நிற்கிறான். பயறு பெருகியதும் எக்வென்டேனிப் பெண்கள் சொன்ன குறை, நாங்கள் களை கொத்திய கடலையை அவர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, காசைச் சாராயத்தில் விட்டுவிட்டு வருகிறார் என்பது. உலகத்துக்கே பொதுவான இந்தக் குறைக்கு எந்த மண் பரிசோதனையிலும் மருந்தில்லை. அடுத்த வாசலில் மாமியார். கைக்குழந்தைக்கு எப்போது, என்ன ஊட்டுவது என்பது அங்கே பாட்டிமாரின் ராஜ்யம். ஆறு மாதம் நிரம்புமுன்னே தண்ணீராகக் காய்ச்சிய மக்காச்சோளக் கஞ்சியை ஊட்டுவது அவர்கள் வழக்கம். எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கால் லிட்டர் அளவே கொள்ளும். அந்தக் கால் லிட்டரில் ஒரு சிறங்கை மாவுதான் கரைந்திருக்கிறதென்றால், வயிறு முட்டிய குழந்தை பட்டினியாகவே உறங்குகிறது. அதே கஞ்சியில் இரண்டு கரண்டி வறுத்த கடலை மாவைக் கலக்கினால், அளவு கூடாமல் பலம் கூடுகிறது.

இளந்தாய்மாரை மட்டும் அழைத்து இதைச் சொல்லி அனுப்பினால், வீட்டுக்குப் போனதும் அவர்கள் வாய் அடைக்கப்பட்டுவிடும் என்பதைத் திட்டக்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஆகவே பாட்டிமார் ஒரு வட்டம், ஆண்கள் ஒரு வட்டம், இளம் பெண்கள் ஒரு வட்டம் என்று தனித்தனியே உட்கார்ந்து பேசிவிட்டுப் பிறகு எல்லா வட்டங்களும் ஒன்றுகூடும் முறை வந்தது. ‘சமையல் நாள்’ என்று ஒன்றும் வந்தது. சோயாவைப் பச்சையாக அரைத்தால் கசக்கும், வேக வைத்தபின் எப்படி இடிப்பது, துவரையை எதோடு சேர்ப்பது என்று ஊர் நடுவே அடுப்பு மூட்டிக் காட்டுவார்கள். ஆண்களும் கரண்டி பிடித்தார்கள். நாணத்தோடு சிரித்துக்கொண்டு களி கிண்டுகிற ஒரு கணவனை மனைவிமார் கூட்டம் விமர்சிக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். எத்தனை துண்டுப் பிரசுரங்கள் அதற்கு ஈடாகும்?

மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் எடையைப் பல வருஷங்கள் நிறுத்துப் பார்த்து 2011-இல் வெளியிட்ட அறிக்கை, நெடுங்காலம் பங்குகொண்ட கிராமங்களிலும், மிகுந்த ஈடுபாட்டோடு பங்குகொண்ட கிராமங்களிலும் குழந்தைகள் வயதுக்கேற்ற எடையில் முன்னேறியிருப்பதைக் காட்டியது. இது எங்கோ ஒரு மூலையில் நடந்த அபூர்வமன்று. 63 நாடுகளில் 1970 முதல் 1995 வரை குழந்தைகளின் எடைக்குறைவு எந்தக் காரணங்களால் குறைந்தது என்று 2000-இல் கணக்கிட்டவர்கள், தேசத்தில் கிடைக்கும் உணவு பெருகியதற்கு 26 சதவீதமும், பெண்கல்விக்கு 43 சதவீதமும் பங்கு கொடுத்தார்கள்.

மறுபடியும் அதே குதிர்

நம் கற்பனைக் குடும்பத்திடம் திரும்புவோம். ஒன்றேகால் ஏக்கரை மூன்று பங்காக்கி, ஒரு பங்கில் கடலையும் துவரையும், இரண்டு பங்கில் மக்காச்சோளமும் என்று வருஷந்தோறும் இடம் மாற்றி, சருகைப் புதைத்து வருகிறார்கள். மக்காச்சோளத்தின் மகசூல் பாதியளவு கூடிற்று என்று கொள்வோம். சுருங்கிய நிலத்திலிருந்து அதே 500 கிலோ வந்துவிடும். வண்டரிப்பைப் பாதியாகக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள். விதைக்கும் விற்பனைக்கும் முன்போலவே போனால் மிச்சம் 425 கிலோ, 212 நாள். விதைக்கு வைத்தது போக 60 கிலோ கடலைப் பருப்பும் 30 கிலோ துவரையும் கையில் இருக்கின்றன. கடலை ஒரு கிலோவுக்கு மக்காச்சோளம் 1.6 கிலோவின் பலம் உள்ளது. துவரை ஏறக்குறைய சமம். ஆக 126 கிலோவுக்கு ஈடு, 63 நாள். மொத்தம் 275 நாள். ஜனவரி முப்பதாம் தேதி வரை குதிர் தாங்கும்.

இன்னும் தொண்ணூறு நாள் குறைகிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஒன்றேகால் ஏக்கரை எந்தக் கல்வியும் இரண்டரை ஏக்கர் ஆக்காது. மழை பொய்த்த வருஷத்தில் இந்தக் கணக்கு முழுவதுமே கிழிந்துபோகும். பயறு கலந்த சாகுபடியில் பாதி உரத்தைக் கொண்டே முழு உரத்துக்குரிய தானியத்தை எடுக்கலாம், வருஷத்துக்கு வருஷம் ஏற்ற இறக்கமும் குறைகிறது என்று மலாவி முழுவதும் நடத்திய பரிசோதனைகள் 2010-இல் காட்டின. ஆனால் அந்தப் பாதி உரத்துக்கும் பணம் வேண்டும். கடலையைக் கணவன் விற்றுவிட்டாலோ அறுபத்துமூன்று நாளில் பெரும்பாலானவை ஒரே மாலையில் மறைந்துபோகும்.

ஆயினும் நவம்பர் பதினாறு, ஜனவரி முப்பதாக நகர்ந்திருக்கிறது. இடையிலுள்ள எழுபத்தைந்து நாட்கள் எவை? முதல் மழை, விதைப்பு, முதற்களை, இரண்டாம் களை. அந்த நாட்களில் அந்தப் பெண் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அண்டை வீட்டுக் கன்யுவுக்குப் போகாமல், தன் வயலுக்கே போகிறாள். பிப்ரவரியில் பூசணிக் கீரையைப் பறித்து, சிக்கனமாக மிச்சம் பிடித்த கடலை மாவைத் தூவி வேக வைக்கிறாள். மார்ச்சில் பச்சைக் கதிர் முற்றத் தொடங்கும். அது வரைக்கும் மாமியாரும் மருமகளும் தினந்தோறும் குதிரின் அடியைத் தடவிப் பார்த்து, இன்றைக்குக் கிண்ணத்தில் எத்தனை கரண்டி என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள்.